நெடுவரிசை என்று ஒன்றே இல்லாத அட்டவணை

ஆய்வேடு முடிக்கும் கட்டத்தில் இருக்கும் தோழி ஒருத்தி கேட்டாள்: "அட்டவணையெல்லாம் ஆட்டம் காணுது. பேசாம லேட்டெக்ஸுக்கே மாறிடட்டுமா?" லேட்டெக்ஸ் என்பது கட்டளைகளாக எழுதி ஆவணத்தை வடிவமைக்கும் மென்பொருள். இப்போது மாறாதே என்று உடனே சொல்லிவிட்டேன். எழுதி முடித்த அத்தியாயங்களைக் கடைசி நேரத்தில் வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோவது வீண் வேலை. ஆனால் அவள் கேள்விக்கு முழுப் பதில் அதுவல்ல. பல ஆண்டுகளாக மைக்ரோசாஃப்ட் வேர்ட் என்ற சொற்செயலியில்தான் ஆய்வுக்கட்டுரை எழுதிவருகிறேன். வாக்கியங்களைத் திருத்திய நேரத்தைவிட அட்டவணைகளைச் சரிக்கட்டிய நேரம்தான் அதிகம். அதனால் மனதில் இருப்பதை விரிவாகவே எழுதிவிடுகிறேன். அட்டவணை நுழைப்பது, வரிசை சேர்ப்பது எல்லாம் தெரிந்தவர்களுக்காகத்தான் இது.

எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. நெடுவரிசைகளின் அகலம். ஒரு கோட்டைப் பிடித்து இழுத்தால் பக்கத்து நெடுவரிசை சுருங்குகிறது. அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் (செல்) நீளமான சொல் ஒன்றைத் தட்டினால் அந்த நெடுவரிசை தானாக அகன்று, மற்றவை நெருக்கப்பட்டு, எண்கள் இரண்டு வரியாக உடைகின்றன. எல்லாவற்றையும் சரிசெய்து இணையாசிரியருக்கு அனுப்பினால், திரும்பி வரும்போது வேறு வடிவத்தில் வருகிறது. அவர் அகலத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். ஒரு எண்ணை மட்டும் திருத்தியிருப்பார்.

இதில் பாதித் தொல்லைக்கு மருந்து இருக்கிறது. புதிதாக உருவாக்கும் அட்டவணையில், உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அளவு மாறும் வசதி பெரும்பாலும் முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருக்கும். டேபிள் ப்ராப்பர்ட்டீஸ் போய், ஆப்ஷன்ஸ் திறந்து, அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். பிறகு கோட்டைச் சுட்டியால் இழுக்காமல், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அகலத்தைச் சென்டிமீட்டரில் எண்ணாகவே கொடுக்க வேண்டும். இதைச் செய்தால் தட்டச்சு செய்யும்போது அட்டவணை அசைவது நின்றுவிடும். ஆய்வுக்கட்டுரை எழுத எத்தனையோ பேர் பயன்படுத்தும் மென்பொருளில், அட்டவணை அசையாமல் இருக்க வேண்டும் என்பதை நாம் தேடிப்போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுபாதிக்குக் காரணம் கோப்பின் உள்ளேயே இருக்கிறது. வேர்ட் சேமிக்கும் டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி. பெயரின் பின்னொட்டை மாற்றிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள், அதாவது ஆவணத்தின் அமைப்பைக் குறிச்சொற்களால் சொல்லும் உரைக்கோப்புகள், கிடைக்கும். அதில் அட்டவணை என்பது வரிசைகளின் அடுக்கு. வரிசைக்குள் கட்டங்கள், கட்டத்துக்குள் பத்திகள். நெடுவரிசை என்ற உறுப்பு எங்கும் கிடையாது. தொடக்கத்தில் அகலங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு கட்டமும் தன் அகலத்தைத் தனியாகவும் சுமக்கிறது. பட்டியல் ஒன்று சொல்லி, கட்டம் வேறொன்று சொன்னால், மென்பொருள்தான் பஞ்சாயத்து பண்ணித் தீர்க்க வேண்டும். இணையாசிரியரின் மென்பொருள் வேறாகவோ வேறு பதிப்பாகவோ இருந்தால் தீர்ப்பும் வேறாக வரலாம். 2006இல் எக்மா-376 என்றும் 2008இல் ஐஎஸ்ஓ 29500 என்றும் தரமாக்கப்பட்ட வடிவம் இதுதான். ஒரு கட்டத்தைத் தேர்ந்துகொண்டு கோட்டை இழுத்தால் அந்த வரிசையில் மட்டும் கோடு விலகி, கீழே படிக்கட்டு போல நிற்பதற்கும் இதுவே காரணம். மென்பொருள் தன் கணக்கில் சரியாகத்தான் செய்கிறது. அந்தக் கோட்டுக்கும் கீழ் வரிசையில் உள்ள கோட்டுக்கும் உறவு இருப்பதாக அதற்கு யாரும் சொல்லவில்லை.

லிப்ரெஆபீஸ் போன்றவை பயன்படுத்தும் ஓப்பன் டாக்குமெண்ட் கோப்பு வடிவத்தில் நெடுவரிசைக்கென்று தனி உறுப்பு இருக்கிறது. ஆக, இது செய்யவே முடியாத காரியம் அல்ல. ஆனால் பல ஆய்விதழ்கள் டாக்எக்ஸ்தான் கேட்கின்றன. அதற்கு மாற்றும்போது அந்த அனுகூலம் கையை விட்டுப் போய்விடும்.

இதைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆய்வுக்கட்டுரையின் அட்டவணையில் பொருள் பெரும்பாலும் நெடுவரிசையில்தான் இருக்கிறது. முதல் மாதிரி (மாடல்), இரண்டாம் மாதிரி, மூன்றாம் மாதிரி என்று தொடர்புப்போக்கு (ரெக்ரஷன்) முடிவுகளை நெடுவரிசை நெடுவரிசையாக நிறுத்துகிறோம். ஒரே வகை எண்களைக் கண் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்துத்தான் ஒப்பிடுகிறது. எந்த அலகில் ஆய்வாளர் யோசிக்கிறாரோ, அந்த அலகே கோப்பில் இல்லை.

கட்டங்களை இணைத்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு நெடுவரிசைகளுக்கு மேலே 'ஆண்கள்', இன்னும் இரண்டுக்கு மேலே 'பெண்கள்' என்று பொதுத் தலைப்பு போடுவது எங்கும் உள்ள வழக்கம். இணைத்த பிறகு அதன் கீழே உள்ள ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுக்க முயன்றால் பக்கத்து நெடுவரிசையும் ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே இணைப்பதை எப்போதும் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அகலம், எண் சீரமைப்பு எல்லாம் முடிந்த பிறகு இணைத்தால் போதும். இன்னொன்று, மாற்றங்களைத் தடம்பற்றும் டிராக் சேஞ்சஸ் இயங்கும்போது கட்டங்களை இணைத்தால் அது மாற்றமாகப் பதிவாகாது. நெறியாளர் பழைய வடிவைக் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. தனிப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு இணையுங்கள்.

கோபத்தை இங்கே நிறுத்துகிறேன். இதே மென்பொருளில் என்னை உண்மையாகவே மகிழ்வித்த ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம்.

டெசிமல் டேப். ரூலரின் இடது மூலையில் இருக்கும் சின்னப் பெட்டியைச் சொடுக்கிக்கொண்டே போனால், புள்ளியோடு கூடிய ஒரு டேப் குறி வரும். ஒரு நெடுவரிசையின் எண் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கச் சீரமைப்பில் வைத்து, ரூலரில் அந்தக் குறியை ஓர் இடத்தில் வைத்தால் போதும். எல்லா எண்களும் தசமப் புள்ளி ஒரே கோட்டில் நிற்குமாறு தாமாகவே நகர்ந்து நிற்கும். டேப் விசையைத் தட்டவே வேண்டாம். கட்டத்துக்குள் டெசிமல் டேபுக்கு மட்டும் இந்தச் சலுகை உண்டு.

இதன் அருமை தொடர்புப்போக்கு அட்டவணை போட்டவர்களுக்குத் தெரியும். 0.42 என்ற எண்ணுக்குப் பின்னால் இரண்டு நட்சத்திரம், அடுத்த வரிசையில் அடைப்புக்குறிக்குள் திட்டப்பிழை, அதற்கடுத்து கழித்தல் குறியோடு 12.07, கடைசியில் மாதிரி அளவு (சாம்பிள் சைஸ்) என்று தசமமே இல்லாத முழு எண். இவற்றை நடுவில் சீரமைத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். வலப்பக்கம் சீரமைத்தால் நட்சத்திரங்கள் எண்களை இடப்பக்கம் தள்ளிவிடும். டெசிமல் டேபில் நட்சத்திரம் புள்ளிக்கு வலப்பக்கம் நீண்டுகொள்ளும், அடைப்புக்குறி இருபக்கமும் ஒதுங்கிக்கொள்ளும், முழு எண் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் போய் முடியும். இடைவெளி விசையைத் தட்டித் தட்டி எண்களை நேர்படுத்தும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இதைக் காட்டியிருக்கிறேன், ஒவ்வொருவர் முகமும் மலர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். அச்சுக்கோப்பவரின் நுட்பம் இது. இது ரூலரின் மூலையில் ஒளிந்து கிடப்பதுதான் வருத்தம்.

எச்சரிக்கை இரண்டு. கணினியின் வட்டார அமைப்பில் தசமக் குறி காற்புள்ளியாக இருந்தால் சீரமைப்பு குலையக்கூடும். வெளிநாட்டு இணையாசிரியர் இருந்தால் நினைவில் வையுங்கள். அடுத்து, கழித்தல் குறிக்கு விசைப்பலகையின் சிறுகோட்டைப் போடாதீர்கள். கட்டம் குறுகினால் கோடு மேல் வரியிலும் எண் கீழ் வரியிலுமாகப் பிரிந்துவிடும், எதிர்மறை எண் நேர்மறையாகத் தெரியும். யூனிகோடில் கழித்தலுக்கென்றே தனிக் குறி இருக்கிறது, 2212 என்ற எண்ணில். அதைப் போடுங்கள்.

எழுத்து அளவும் வரி இடைவெளியும் சின்னத் தொல்லைகள்தான், ஆனால் எல்லோரையும் பிடிப்பவை. ஆய்வேட்டின் உரைக்கு இரட்டை வரி இடைவெளி வைத்திருப்போம். பத்தியின் முதல் வரி உள்தள்ளி இருக்கும். கட்டத்துக்குள் இருப்பதும் பத்திதான் என்பதால் அட்டவணையும் அதையே சுமந்து, அரைப் பக்கத்தில் முடிய வேண்டியது ஒரு பக்கத்துக்கு ஊதிவிடும். டேபிள் ஸ்டைலில் அளவைக் குறைத்தால் தீரும் என்று பலர் நம்புகிறார்கள். பத்தி ஸ்டைலில் அளவு குறிப்பிடப்பட்டிருந்தால் அதன் பேச்சுதான் எடுபடும். அட்டவணை எழுத்துக்கென்று ஒரு பத்தி ஸ்டைல், எண்களுக்கென்று டெசிமல் டேபோடு இன்னொன்று என இரண்டை உருவாக்கிக்கொள்ளுங்கள். அட்டவணைக்கு நான் செய்துகொண்ட ஏற்பாடுகளில் அதிக நேரத்தை மிச்சப்படுத்தியது இதுதான்.

பக்கம் மாறும் இடத்தில் அட்டவணை உடைவதற்கும் தீர்வு பத்தியில்தான் இருக்கிறது. கடைசி வரிசையைத் தவிர மற்ற வரிசைகள் எல்லாவற்றுக்கும், மேலே உள்ள தலைப்புக்கும், அடுத்த பத்தியை விட்டுப் பிரியாமல் வைக்கும் கீப் வித் நெக்ஸ்ட் அமைப்பைப் போட வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்காத அட்டவணைக்குத் தலைப்பு வரிசை அடுத்த பக்கத்திலும் வரும்படி அமைக்கலாம். ஆனால் அட்டவணையைச் சுற்றி உரை ஓடும்படி வைத்திருந்தால் அது வேலை செய்யாது, ஏன் என்று மென்பொருளும் சொல்லாது.

கோடுகளில் பிரச்சினை குறைவு. மேலே ஒன்று, தலைப்பு வரிசைக்குக் கீழே ஒன்று, கடைசியில் ஒன்று. செங்குத்துக் கோடு வேண்டாம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடைக் கையேட்டின் 7ஆம் பதிப்பு கேட்பதும் ஏறத்தாழ இதுதான்: எண் தடித்த எழுத்தில், அடுத்த வரியில் தலைப்பு சாய்ந்த எழுத்தில், இரண்டும் அட்டவணைக்கு மேலே, குறிப்பு கீழே.

அந்தக் குறிப்பில்தான் எனக்கு மறுபடியும் கோபம் வருகிறது. கட்டத்துக்குள் அடிக்குறிப்பு நுழைத்தால் அது அட்டவணையின் அடியில் நிற்காமல் பக்கத்தின் அடிக்குப் போய், உரையின் அடிக்குறிப்புகளோடு வரிசை எண்ணில் கலந்துவிடுகிறது. எந்த ஆய்விதழும் இப்படிக் கேட்பதில்லை. அட்டவணையின் குறிப்பு அட்டவணையோடு இருக்க வேண்டும், இது அச்சுத்தொழிலின் அடிப்படை. வேறு வழியில்லாமல் மேலெழுத்தில் குறிகளைக் கையால் போட்டு, கீழே தனிப் பத்தியில் விளக்கம் எழுதுகிறேன். ஒரு வரிசையை மேலே நகர்த்தினால் குறிகளின் வரிசையையும் கையால் மாற்ற வேண்டும்.

லேட்டெக்ஸில் இந்த எரிச்சல்கள் பல இல்லை. அட்டவணையின் முதல் வரியிலேயே எத்தனை நெடுவரிசை, எது எப்படி நிற்க வேண்டும் என்று அறிவித்துவிடுகிறோம். அங்கே நெடுவரிசை உண்மையாகவே ஒரு பொருள். கோடுகளுக்கு புக்டேப்ஸ், தசமச் சீரமைப்புக்கு எஸ்ஐயுனிடெக்ஸ், குறிப்புகளுக்கு திரீபார்ட்டேபிள் என்று தொகுப்புகள் இருக்கின்றன. ஆனால் நீளமான வாக்கியங்கள் நிறைந்த அட்டவணை அங்கேயும் எளிதல்ல. முக்கியமாக, இணையாசிரியர்கள் அனைவரும் அதற்கு உடன்பட வேண்டும். சொற்செயலியில் என் கட்டுரையை எந்தத் துறைக்காரரும் திறந்து, சந்தேகமான எண்ணின் மேலேயே கருத்தைக் குறித்து அனுப்ப முடிகிறது. இது சின்ன விஷயம் அல்ல. தவறான எண் அச்சேறுவதை அப்படி ஒரு கருத்துக் குறிப்பு தடுத்ததுண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு என் முடிவு: புதிதாகத் தொடங்குபவருக்கு, அட்டவணைகள்தான் கட்டுரையின் உயிர் என்றால், சொற்செயலியைப் பரிந்துரைக்க மாட்டேன். டெசிமல் டேபைச் செய்தவர்களுக்கு என் நன்றி எப்போதும் உண்டு. மேலே சொன்ன ஏற்பாடுகளைச் செய்தால் பெரும்பாலான தொல்லைகள் அடங்கும் என்பதும் உண்மை. ஆனால் எட்டு நெடுவரிசையில் நேர்த்தியாக நிறுத்திய அட்டவணை ஒன்று போன வாரம் ஒரே ஒரு எண் திருத்தத்தோடு குலைந்து திரும்பி வந்திருக்கிறது. அந்த ஏற்பாடுகள் அத்தனையும் அதில் இருந்தன. அடுத்த கட்டுரையில் நானும் இணையாசிரியர் ஒருவரும் மட்டும், இருவருக்கும் லேட்டெக்ஸ் தெரியும், அதிலேயே எழுதுகிறோம். இப்போது கையில் இருக்கும் கட்டுரையில் இணையாசிரியர்கள் அதிகம், அது சொற்செயலியிலேயே முடியும். அந்த எட்டு நெடுவரிசை அட்டவணையை மட்டும் நாலு நாலாக இரண்டாகப் பிரித்துவிட்டேன்.