கணினிப் படிப்புகளில் எதை எடுப்பது? ஒரே ஒரு பிழையை வைத்துப் பார்ப்போம்

விண்ணப்பத்தில் பாடப்பிரிவு என்ற இடத்துக்கு வந்ததும் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. கணினி அறிவியல், கணினிப் பொறியியல், மென்பொருள் பொறியியல், தகவல் தொழில்நுட்பம், தகவல் அமைப்புகள், டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி. பெயர்களைப் பார்த்தால் எல்லாம் பங்காளிகள் மாதிரி இருக்கின்றன. "எல்லாம் கடைசியில் கோடிங்தானே" என்று யாராவது சொல்ல, கிடைத்ததில் சேர்ந்துவிடுகிறார்கள். மூன்றாவது செமஸ்டரில் சர்க்யூட் கணக்கோ கணித நிரூபணமோ முன்னால் வந்து நிற்கும்போதுதான் சேர்ந்தது எதில் என்று புரிகிறது. அந்தத் தாமதம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் முன்பே தெரிந்துகொள்ளக்கூடியது அது.

இந்தப் பிரிவுகளுக்குள் இருக்கும் வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடு இல்லை. ஏசிஎம், ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி முதலிய கணினித் துறை அமைப்புகள் சேர்ந்து வெளியிடும் பாடத்திட்ட வழிகாட்டியின் 2005 பதிப்பு, மேலே சொன்னவற்றில் முதல் ஐந்தையும் தனித்தனித் துறைகளாகவே பிரித்துக் காட்டியது. 2020 பதிப்பில் சைபர் செக்யூரிட்டியும் டேட்டா சயின்ஸும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொன்றும் வேறு கேள்வியைக் கேட்கிறது என்பதுதான் அடிப்படை. அதை வரையறைகளாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு பிழையை எடுத்துக்கொள்வோம்.

அகர வரிசையில் பத்து லட்சம் பெயர்கள் இருக்கின்றன. ஒரு பெயரைத் தேட வேண்டும். நடுவில் இருக்கும் பெயரைப் பார்க்கிறோம். நாம் தேடுவது அதற்கு முன்னால் வரும் என்றால் பின்பாதியை மறந்துவிடலாம். மிச்சத்தில் மறுபடி நடுப்பெயர். இப்படிப் போனால் அதிகபட்சம் 20 முறை பார்த்தாலே போதும். பைனரி சர்ச் என்ற இந்த முறை முதல் வருடத்திலேயே சொல்லித் தரப்படுவது. அதில் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க, தொடக்க இடத்தின் எண்ணையும் முடிவு இடத்தின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். ஜாவா என்ற நிரல் மொழியோடு வரும் நூலகத்திலும், அதாவது தயாராக எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பிலும், அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது என்று 2006இல் வெளியே வந்தது. சுமார் ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் கணினி அறிவியல் மாணவரைப் பிடித்து நிறுத்துவது அந்த 20 என்ற எண். பத்து லட்சம் இருபது லட்சமானால் 21தான் ஆகும், ஏன்? ஒப்பிட்டுப் பார்த்து மட்டுமே தேடுவதென்றால் இதைவிடக் குறைக்க முடியாது என்று நிரூபிக்கலாமா? இந்தக் கேள்விகள் உங்களைத் தூங்கவிடாது என்றால் இது உங்கள் இடம். டிஸ்கிரீட் கணிதம், நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா, அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், கம்பைலர், கணிப்பியல் கோட்பாடு என்று பாடங்கள் போகும். 1936இல், மின்னணுக் கணினி என்று ஒன்று உருவாவதற்கு முன்பே, எந்த நிரலாலும் தீர்க்க முடியாத சிக்கல்கள் உண்டு என்று ஆலன் டூரிங் காகிதத்தில் நிரூபித்துக் காட்டினார். இந்தத் துறையின் வேர் அங்கே இருக்கிறது, இயந்திரத்தில் இல்லை. அதனால்தான் ஆப் எழுதும் ஆசையில் மட்டும் வருகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் திணறுகிறார்கள். அவர்களிடம் குறை ஒன்றுமில்லை, அந்த ஆசைக்கு வேறு பிரிவு இருக்கிறது.

சரி, முறை சரியானது, நிரூபணமும் சரியானது. பிழை எங்கே வந்தது? காகிதத்தில் எண்களுக்கு எல்லை இல்லை. இயந்திரத்தில் உண்டு. ஜாவாவின் சாதாரண முழு எண்ணுக்கு 32 பிட் இடம் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1 வைக்கும் ஒரு கட்டம்). அதில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647. பட்டியல் நூறு கோடியைத் தாண்டும் அளவுக்குப் பெரிதாக இருந்தால், இரண்டு இட எண்களையும் கூட்டும்போது இந்த எல்லை உடைந்து, விடை எதிர்மறை எண்ணாகத் திரும்பிவிடும். ஏன் நின்றுபோகாமல் எதிர்மறையாகத் திரும்புகிறது? கூட்டல் சர்க்யூட்டில் மிஞ்சிய ஒன்று குறியைக் காட்டும் பிட்டுக்குள் போய் விழுவதால். இந்த விடை உங்களுக்கு இனிக்கிறது என்றால் கணினிப் பொறியியல் பக்கம் பாருங்கள். டிஜிட்டல் லாஜிக், சர்க்யூட், சிக்னல், ப்ராசசர் வடிவமைப்பு, எம்பெடட் சிஸ்டம், கூடவே இயற்பியல். வன்பொருளில் தவறு செய்தால் இணையம் வழியாக எளிதாகத் திருத்திவிட முடியாது. 1994இல் பென்டியம் சில்லில் வகுத்தல் கணக்குக்கான அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்தது தெரிந்தபோது, கேட்டவர்களுக்குச் சில்லையே மாற்றித் தர வேண்டியதாயிற்று. அந்தக் கண்டிப்பு இந்தப் படிப்பு முழுக்க ஓடும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: சர்க்யூட் பிடிக்காமல், பெயரில் 'கணினி' இருக்கிறதே என்று சேர்ந்தவர்கள்தான் இந்தப் பிரிவில் மிகவும் கஷ்டப்படுகிறார்கள்.

மென்பொருள் பொறியியல் கேட்பது மனிதர்களைப் பற்றிய கேள்வி. இத்தனை பேர் பயன்படுத்திய நூலகத்தில் ஒன்பது ஆண்டுகள் இது எப்படித் தப்பியது? சோதனைகளில் எத்தனை பெரிய பட்டியல் கொடுத்துப் பார்த்தார்கள்? திருத்தும்போது, இதை நம்பி ஓடுகிற மற்ற நிரல்கள் உடையாது என்று எப்படி உறுதி செய்வது? பெரிய மென்பொருள்கள் தாமதமாவதும் செலவு எகிறுவதும் பெரும் சிக்கலாகி, 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் ஒரு மாநாடு கூடியது. இந்தத் துறையின் பெயர் பரவலானது அதற்குப் பிறகுதான்.

இதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. இந்தப் பிரிவின் தரம் முழுக்க ப்ராஜெக்டில் இருக்கிறது. ஒரு குழுவாகச் சேர்ந்து, மாதக்கணக்கில், யாரோ நிஜமாகப் பயன்படுத்தப்போகும் ஒன்றைக் கட்டி, அதில் வரும் புகார்களைத் திருத்தும் வாய்ப்பு இருந்தால் இதைவிட நல்ல பயிற்சி வேறு இல்லை. அது இல்லாமல் முறைகளின் பெயர்களை எழுதித் தேர்வில் தேறுவதாக இருந்தால், கணினி அறிவியலில் சேர்ந்து இரண்டு மென்பொருள் பாடங்களை விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்வது மேல். தான் எழுதிய பழைய நிரலைத் தானே திருத்தித் தவித்தவருக்குத்தான் இந்தப் பாடங்கள் ஏறும்.

இனி தகவல் தொழில்நுட்பம். ஜாவா திருத்தம் வந்துவிட்டது. நம்மிடம் இருக்கும் நூற்றுக்கணக்கான சர்வர்களில் எவற்றில் பழைய பதிப்பு ஓடுகிறது? சேவையை நிறுத்தாமல் மாற்றுவது எப்படி? மாற்றியபின் ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா? பேக்கப் எடுக்கிறோம், சரி, அதிலிருந்து மீட்டுப் பார்த்தோமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்த ஒருவர் இல்லாமல் எந்த மருத்துவமனையும் வங்கியும் ஒரு நாள்கூட நடக்காது. ஆனாலும் இதை 'கணினி அறிவியல் கிடைக்காதவர்களுக்கு' என்று பேசும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. அது தவறு. நெட்வொர்க், கிளவுட், டேட்டாபேஸ் நிர்வாகம் ஆகியவற்றில் கைதேர்வது தனித் திறமை. நிரூபணம் எழுதுவதில் சலிப்பும், கலைந்து கிடக்கும் அமைப்பை ஒழுங்குபடுத்துவதில் மகிழ்ச்சியும் உள்ளவர்கள் தலை நிமிர்ந்து இதை எடுக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். சில கல்லூரிகளில் ஐடி என்ற பெயரில் நடப்பது ஏறக்குறைய கணினி அறிவியலேதான். பெயரை விட்டுவிட்டுப் பாடப் பட்டியலைப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தகவல் அமைப்புகள் கணினிக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் நிற்கும் படிப்பு. ஒரு நிறுவனத்துக்கு என்ன மென்பொருள் தேவை, எது தேவையில்லை என்று இரண்டு தரப்பின் மொழியிலும் பேசக்கூடியவர்களை உருவாக்குவது. கணக்கியலும் மேலாண்மையும் கூடவே வரும். வணிகத்தில் ஆர்வம் இல்லாவிட்டால் வேண்டாம்.

மிச்சம் இரண்டும் இன்று அதிகம் இழுப்பவை. டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு என்ற பெயர்களில் வரும் இளநிலைப் படிப்புகளை அளக்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: புள்ளியியலும் கணிதமும் எத்தனை பாடங்கள்? இன்றைய மொழி மாடல்களுக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் என்ற மாடல் வடிவமைப்பு 2017இல் வந்தது. அதற்குப் பயிற்சி கொடுக்கும் பேக்ப்ராபகேஷன் முறை 1986இலேயே பரவலாக அறியப்பட்டது. அதற்குள் இருக்கும் கால்குலஸ் பல நூற்றாண்டுப் பழையது. மேலே இருப்பது சீக்கிரம் மாறும், கீழே இருப்பது மாறாது. பாடத்திட்டம் முழுக்கக் கருவிகளின் பெயர்களாக இருந்தால், அதை விட்டுவிட்டுப் புள்ளியியலிலோ கணினி அறிவியலிலோ சேருங்கள். நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா, பரிசோதனை வடிவமைப்பு எல்லாம் உள்ள படிப்பு என்றால் தயங்க வேண்டாம்.

சைபர் செக்யூரிட்டியும் இதே கதைதான். 2014இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டையை நினைத்துப் பாருங்கள். "இத்தனை எழுத்து திருப்பி அனுப்பு" என்று மறுமுனை கேட்டால், அத்தனை எழுத்து உண்மையில் வந்ததா என்று சரிபார்க்க, இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் மறந்திருந்தது. அதனால் சர்வரின் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்தது எல்லாம், ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை, வெளியே போய்க்கொண்டிருந்தது. இதைப் புரிந்துகொள்ள நினைவகம் எப்படி அடுக்கப்படுகிறது, சி மொழி அதை எப்படிக் கையாள்கிறது, நெட்வொர்க்கில் செய்தி எப்படிப் போகிறது என்று மூன்றும் தெரிய வேண்டும். பாதுகாப்பு இரண்டாவது மாடி. தரைத்தளத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் படிப்பு நல்லது. இல்லையென்றால் முதலில் கணினி அறிவியலோ ஐடியோ படித்துவிட்டு இதற்குள் வருவது பாதுகாப்பான வழி.

முடிவே எடுக்க முடியவில்லை, கணிதம் மேல் வெறுப்பும் இல்லை என்பவர்களுக்கு நான் கணினி அறிவியலைத்தான் சொல்வேன். அதிலிருந்து மற்ற ஆறில் பெரும்பாலானவற்றுக்குப் பிறகு போவது எளிது. எதிர்த்திசையில் வரும்போது விட்டுப்போன கணிதத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். கணினிப் பொறியியல் மட்டும் விதிவிலக்கு. சர்க்யூட்டைப் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் ஆய்வகம் கிடைக்காது.

விண்ணப்பத்தை அனுப்பும் முன் சில வார இறுதிகளை ஒதுக்குங்கள். 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் ஏன் எப்போதும் ஒரு வர்க்க எண் வருகிறது என்று யாரிடமும் கேட்காமல் நிரூபித்துப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஒரு சிமுலேட்டரில், லாஜிக் கேட்களை மட்டும் வைத்து இரண்டு எண்களைக் கூட்டும் சர்க்யூட்டைக் கட்டுங்கள். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு, இன்னொரு கணினியிலிருந்து அதற்குள் நுழைய வழி செய்யுங்கள். எழுத்துப் பிழையும் விடுபட்ட கட்டங்களும் நிறைந்த ஒரு நிஜத் தரவு அட்டவணையை எடுத்துச் சுத்தம் செய்து, அதிலிருந்து ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடியுங்கள். அப்புறம் எதைச் செய்தபோது நேரம் போனது தெரியவில்லை என்று குறித்துவைத்துவிட்டு, அந்தக் குறிப்போடு இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடப் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் ஆண்டுப் பட்டியல் எல்லாப் பிரிவிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான்.