பழைய கார் ஸ்டீரியோவில் போனை இணைப்பது: பல வருட அனுபவம்

வண்டியோடு வந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுத் தொடுதிரை செட் மாட்டலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது 2013 மாடல் சின்ன கார். செட்டில் சிடி, யூஎஸ்பி, ஆக்ஸ் (வெளியிலிருந்து வயரில் பாட்டு கொடுக்கும் ஓட்டை) மூன்றும் உண்டு, புளூடூத் கிடையாது. மதுரைக்குள் ஓடுவதைவிட உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனிக்குப் போய்வருவதுதான் அதிகம். பாட்டு இல்லாமல் அந்த ரோட்டில் ஓட்ட எனக்கு மனசு வராது. போனையும் அப்பாவின் பழைய எம்பி3 பிளேயரையும் இதோடு சேர்க்க உள்ள வழிகளையெல்லாம் வருடக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. செட்டை மாற்றும் முன் வயரைப் பாருங்கள் என்பதுதான் என் முடிவு.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் போன் பாட்டை ரேடியோ அலையாகச் செட்டுக்கு அனுப்பும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். மதுரைக்குள் காலி அலைவரிசை கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் ஊர் தாண்டினால் வேறு நிலையம் மேலே ஏறிவிடும். கொடைக்கானல் மலையிலிருந்து வரும் கோடை பண்பலை 100.5-க்குப் பக்கத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம். அதோடு எஃப்.எம். வழியாக 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் போகாது, ஜால்ரா, சலங்கையின் கூர்மை மழுங்கிவிடும். ரேடியோ மட்டுமே உள்ள வண்டிக்கு வேறு வழியில்லை, வாங்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

ஆக்ஸ்தான் எனக்குப் பிடித்த வழி. 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள ஒரு வயர், அவ்வளவுதான். போனில் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு மிச்சத்தைச் செட்டின் திருகில் கூட்டிக் குறைக்க வேண்டும். போனில் குறைத்துச் செட்டில் ஏற்றினால் பாட்டோடு சேர்ந்து 'உஸ்' என்ற சத்தமும் ஏறும்.

ஆக்ஸில் பலருக்கு வரும் தொல்லை, போனை வண்டியிலேயே சார்ஜ் போட்டதும் கேட்கும் 'ஙொய்ங்' இரைச்சல். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். செட் போய்விட்டது, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். உண்மையில் சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வயர் வழியாக இன்னொரு எர்த் என்று போனுக்கு இரண்டு பாதை கிடைத்துவிடுகிறது. எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் அதிர்வு அந்த வளையத்தில் புகுந்து பாட்டில் கலக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், இரைச்சல் நின்றுவிட்டால் காரணம் இதுதான். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கேட்டதும் கட்டைவிரல் அளவில் ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள். "போட்டுப் பாருங்கண்ணே, இரைச்சல் நிக்கலைன்னா திருப்பிக் கொண்டாங்க" என்றார் கடைக்காரர். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று பெயர். உள்ளே இருப்பவை இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள். பாட்டு காந்தத்தின் வழியாகத் தாண்டிப் போகிறது, எர்த் அங்கேயே அறுந்துவிடுகிறது. மிருதங்கத்தின் அடிக்குரல் மட்டும் ஒரு நூல் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றும். இரைச்சலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருநாள் அப்பா பின்சீட்டிலிருந்து, "ஏம்ப்பா, பாடுறவரையே காணோமே?" என்றார். இளையராஜா பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வயலின் கேட்கிறது, கோரஸ் கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அடுத்து வந்த டி.எம்.எஸ். பாட்டு கிட்டத்தட்ட மௌனம். பின்னின் அடிப்பகுதியில் உள்ள எர்த் தொடுப்பு விட்டுப்போனால் இப்படித்தான் ஆகும். இடம் வலம் இரண்டிலும் பொதுவாக இருக்கும் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே மிஞ்சும். குரலை நடுவில் வைத்துப் பதிவதால் முதலில் காணாமல் போவது குரல்தான். பழைய மோனோ பதிவில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம், அதனால் எதுவுமே மிஞ்சாது. பின்னைக் கடைசி வரை அழுத்திச் செருகுங்கள், அப்படியும் குரல் வராவிட்டால் வயரை மாற்றுங்கள். அதற்காகச் செட்டைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது பல போன்களில் ஆக்ஸ் ஓட்டையே இல்லை. 2016-இல் ஐபோன் 7 அதை எடுத்தது, மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கும்போது 'டேக்' (DAC, டிஜிட்டல் பாட்டை ஆக்ஸ் வயரில் போகும் சத்தமாக மாற்றும் சில்லு) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாத மலிவு கன்வெர்ட்டர் சில போன்களில் வேலை செய்யும், பலவற்றில் சத்தமே வராது.

ஆக்ஸில் செருகும் சின்ன புளூடூத் ரிசீவர் ஒன்றும் வண்டியில் கிடக்கிறது. மதினி வண்டி எடுத்தால் அதைத்தான் பயன்படுத்துவார். போன் பேசவும் மேப் வழி கேட்கவும் நல்லது. ஆனால் சில சமயம் பாட்டே போன் பேச்சு மாதிரி சப்பென்று வரும். பாட்டுக்கான வழியை விட்டுவிட்டுப் பேச்சுக்கான வழியில் இணைந்திருக்கிறது என்று அர்த்தம். போனின் புளூடூத் அமைப்பில் அந்த ரிசீவருக்கு 'அழைப்புகள்' என்பதை அணைத்துவிட்டால் பாட்டு சரியாகிவிடும். அப்புறம் அதில் பேச முடியாது, அவ்வளவுதான்.

யூஎஸ்பியில் போனை நேரடியாகச் செருகினால் என்னுடையது போன்ற அந்தக் காலத்துச் செட்கள் பலவும் போனைப் படிப்பதில்லை, சார்ஜ் மட்டும் ஏறும். ஆண்ட்ராய்டு போன்கள் தங்களைப் பென்டிரைவ் போலக் காட்டிக்கொள்வதை எப்போதோ நிறுத்திவிட்டன. அதனால் நிஜப் பென்டிரைவே போடுங்கள். கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்யும்போது ஃபேட்32 (FAT32) என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் செட் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, காப்பி செய்த வரிசையில்தான் பாடுகிறது. ஆகவே பாட்டுகளை வரிசைப்படி ஒவ்வொன்றாக ஏற்றுவேன். தமிழில் பெயர் வைத்தால் திரையில் வெறும் கோடுதான் தெரியும், ஆங்கில எழுத்தில் வைப்பதே உத்தமம். அப்பாவின் மதுரை மணி ஐயர் கச்சேரிகளெல்லாம் இப்போது பென்டிரைவில்தான் இருக்கின்றன. சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனாலும் பென்டிரைவ் தாங்குகிறது. டேஷ்போர்டில் வைத்த போன் சூடேறிச் சார்ஜ் ஏறுவதையே நிறுத்திவிடும்.

தம்பி தன் வண்டியில் தொடுதிரை செட் போட்டிருக்கிறான். போனின் மேப்பையும் பாட்டையும் செட்டின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் மேப் பெரிதாகத் தெரிவது நிஜமாகவே வசதி, அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஆண்டிபட்டி கணவாயில் என் பழைய செட்டில் கணீரென்று கேட்கும் கோடை பண்பலை அவன் செட்டில் கரகரக்கிறது. போனுக்கும் செட்டுக்கும் உள்ள இணைப்பும் அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. டேட்டா போகும் நல்ல வயர் போட்ட பிறகுதான் நின்றது.

மேப்புக்காகச் செட்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால், உங்கள் வண்டிக்கு உரிய கப்ளர் (வயரை வெட்டாமல் செருகி இணைக்கும் பிளக்) போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவசரத்தில் ஒரிஜினல் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிக் கொடுப்பார்கள். அந்த முறுக்கில் எர்த் தளர்ந்தால் இரைச்சல் புதுசெட்டிலும் வரும், பழைய செட்டைத் திரும்ப மாட்டவும் வழி இருக்காது.