இன்னொரு லேனா, நெரிசல் நேரக் கட்டணமா?

நான் தினமும் போய்வரும் ஆறு வழி விரைவுச்சாலையை எட்டு வழியாக்கலாமா, இல்லை நெரிசல் நேரத்தில் மட்டும் கட்டணம் வாங்கலாமா என்று கருத்துக் கேட்டார்கள். கட்டணமே போதும் என்று எழுதிக் கொடுத்தேன். கையிலிருந்து காசு போகும் பக்கம் நீயே நிற்கிறாயே என்று வீட்டில் சிரித்தார்கள்.

கட்டுமானச் செலவு, நிலம் எடுப்பது, வேலை முடியும்வரை படும் பாடு எல்லாம் தெரிந்த கதை. அகலப்படுத்துவதே வீண் என்றும் சொல்லமாட்டேன். மூன்று லேன் வந்து இரண்டாகச் சுருங்கும் பாலம் மாதிரி ஓரிடம் மட்டும் அடைத்துக்கொண்டிருந்தால், அதை விரிப்பதுதான் சரி. அடைப்பு அடுத்த குறுகலுக்கு நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

என் மனதை மாற்றியது வேறு ஒன்று. புதிய லேன் எத்தனை நாள் காலியாக இருக்கும்? நெரிசலுக்குப் பயந்து ஏற்கெனவே பலர் ஒதுங்கியிருக்கிறார்கள். ஒருவர் விடியுமுன்னே கிளம்புகிறார், ஒருவர் ஊருக்குள் சுற்றிப் போகிறார், இன்னொருவர் ரயிலில் போகிறார். சாலையில் வேகம் வந்ததும் மூவரும் எட்டு மணிக்கு அங்கே வந்து நிற்பார்கள். அந்தச் சாலையை நம்பித் தொலைவில் வீடு வாங்குகிறவர்கள் அப்புறம் சேர்ந்துகொள்வார்கள். அமெரிக்க நகரங்களின் பெருஞ்சாலைகளை ஆராய்ந்த டுராண்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள் 2011இல் சொன்னதும் இதைத்தான்: லேன்களின் மொத்த நீளம் 1 சதவீதம் கூடினால், வண்டிகள் ஓடும் தூரமும் ஏறக்குறைய 1 சதவீதம் கூடுகிறது. ஹூஸ்டனின் கேட்டி விரைவுச்சாலையை 2008இல் விரித்து முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 லேன். சில ஆண்டுகளிலேயே நெரிசல் நேரப் பயணம் மறுபடி நீண்டுவிட்டது. அதே சாலையின் நடுவில், நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறும் லேன்களும் ஓடுகின்றன என்பதுதான் வேடிக்கை.

கட்டணம் விதித்தால் காலியான இடம் காலியாகவே இருக்கும். ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரியில் சோதனையாகத் தொடங்கியபோது, நகர மையத்தைச் சுற்றிய கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. ஜூலையோடு நிறுத்தியதும் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டன. 2007 ஆகஸ்டில் கட்டணத்தை நிரந்தரமாக்கினார்கள். 2016இல் அந்நகரின் எஸ்ஸிங்கெலேடன் விரைவுச்சாலைக்கும் அது வந்தது. ஐந்தில் ஒன்று குறைவதெல்லாம் ஒரு குறைவா என்று தோன்றும். ஆனால் ஒரு லேனில் மணிக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகளைத் தாண்டினால் ஓட்டமே உடைந்து, நின்று நின்று நகர ஆரம்பிக்கிறது. அந்த விளிம்பில் சில நூறு வண்டிகள் விலகினாலே போதும்.

நெரிசலுக்கேற்ப வேக வரம்பை மாற்றுவது இரண்டுக்குமே நல்ல துணை. தனியாக அது போதாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இப்படிக் கட்டணம் வாங்கும் சாலையில் நான் வெளியூர்க்காரனாகச் சில நாள்தான் ஓட்டியிருக்கிறேன். மாதாமாதம் கட்டும்போது எப்படி உறைக்கும் என்று அனுபவித்துச் சொல்ல முடியாது. ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் நேரத்தை மாற்றிக்கொள்ளவும் முடியாது. அதனால்தான், பேருந்துகளைக் கூட்டிய பிறகே கட்டணம் வாங்க வேண்டும் என்று என் கருத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.