நாடி உட்சுவர்க் கலமா, தொப்புள்கொடி நாளக் கலமா?

திருகோணமலை ஆய்வுகூடத்தில் வளர்க்க, இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலங்களில் (செல்களில்) எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். தொப்புள்கொடி நாளக் கலம் மலிவு, வேகமாகப் பெருகும், 1973 முதல் வளர்க்கப்படுகிறது. கை பழக இதுவே போதும். ஆனால் நாடித் தடிப்பை ஆராய்வதென்றால் முடியுரு நாடியின் (இதயத் தசைக்கு இரத்தம் தரும் நாடியின்) உட்சுவர்க் கலம்தான் சரி; நோய் வருவது நாடியில்தானே.

இந்த நாடிக் கலம் கொஞ்சம் செல்லப்பிள்ளை. உறைந்த கலமுள்ள குப்பியை 37 பாகை செல்சியஸ் நீரில் ஒன்றிரண்டு நிமிடம் பிடித்து, கடுகளவு பனி மிஞ்சும்போதே எடுங்கள். மையநீக்கியில் சுழற்றாதீர்கள், கலம் அடிபடும். சதுர சென்ரிமீற்றருக்கு 5,000 கலம் வீதம் இட்டு, மறுநாள் வளர்ப்பு ஊடகத்தை மாற்றினால் உறைகாப்புத் திரவம் போய்விடும். குடுவையின் அடிப்பரப்பு 80 சதவீதம் நிரம்பியதும் கலங்களைப் பிரித்துப் புதிய குடுவைகளுக்கு மாற்றுங்கள். ஒட்டிய கலங்களைப் பெயர்க்கும் நொதியான ட்ரிப்சினில் அதிகநேரம் விட்டால் மறுபடி சரியாக ஒட்டாது. ஐந்தாறு தடவைக்கு மேல் பிரித்தால் கூழாங்கல் பரப்பினாற்போன்ற வடிவம் குலைந்து, கலம் பெருத்துத் தட்டையாகும்.

திருகோணமலைக்குக் கொழும்பிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். பெட்டியிலுள்ள உலர் பனிக்கட்டி வழியிலேயே ஆவியானால் எந்தக் கலமும் தப்பாது. பெட்டி வந்ததும் முதலில் திறந்து, பனிக்கட்டி மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.