பெக்ஸ் படப்புத்தகம்: கோப்பு வாங்கலாம், கூட வரும் படங்கள் வேண்டாம்

பேச்சு வராத, அல்லது வந்தும் தேவைக்கு உதவாத ஒருவர் வீட்டில் இருந்தால் 'பெக்ஸ்' என்ற பெயர் எப்படியும் காதில் விழுந்திருக்கும். 1985-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், ஆட்டிசம் உள்ள சிறு பிள்ளைகளுக்காக ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய முறை இது. வேண்டிய பொருளின் பட அட்டையைப் புத்தகத்திலிருந்து பிய்த்து எதிரில் இருப்பவர் கையில் கொடுத்தால் அந்தப் பொருள் கிடைக்கும். விரலால் சுட்டினால் பார்க்காமல் இருந்துவிடலாம். கையில் அட்டையை வைத்துவிட்டால் யாரும் தப்ப முடியாது. இந்த முறையின் பலமே அதில்தான்.

இதற்கென்றே விற்கும் புத்தகம் ஒரு வளையக் கோப்புதான். உள்ளே தடித்த பிளாஸ்டிக் தாள்கள், தாள்களில் வெல்க்ரோ வரிசைகள், அட்டைகளை வரிசையாக ஒட்டி வாக்கியமாக்க, கழற்றி மாட்டும் வாக்கியப் பட்டை ஒன்று. தாள்கள் வளைவதில்லை, வளையம் லேசில் வாய் பிளப்பதில்லை. காசு கட்டுப்படியானால் வாங்கலாம். இல்லையென்றால் எழுதுபொருள் கடையில் கிடைக்கும் சின்ன வளையக் கோப்பும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிரே ஸ்ட்ரீட் பக்கத்துத் தையல் சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் ஒட்டு வெல்க்ரோவும் போதும்.

கூட விற்கும் படத் தொகுப்புகளுக்குச் செலவழிக்காதீர்கள். பிரெட்சல், ஆப்பிள் ஜூஸ், மஞ்சள் பள்ளிப் பேருந்து என்று அமெரிக்கச் சமையலறையும் அமெரிக்கத் தெருவும்தான் அதில் இருக்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒருவர் கேட்கப்போவது ரொட்டி, பீன்ஸ் கறி, பன்னி சௌ (குடைந்த பிரெட்டுக்குள் கறி), ஆயா வீடு, மினிபஸ் டாக்ஸி. போனில் நீங்களே எடுத்த போட்டோதான் சரி: வெள்ளைத் தட்டில், மேலிருந்து, ஒரு படத்துக்கு ஒரே பொருள். முப்பத்தைந்து வயது மனிதரின் கையில் கார்ட்டூன் வாத்துப் படத்தைத் திணிப்பது மரியாதையும் இல்லை.

அட்டை 5 சென்டிமீட்டர் சதுரம் இருக்கட்டும். பார்வை மங்கலோ கை நடுக்கமோ இருந்தால் 7 அல்லது 8 வரை போகலாம். லேமினேட் செய்தபின் படத்தின் ஓரத்தோடு ஒட்ட வெட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் ஈரம் அந்த ஓரம் வழியாகவே உள்ளே போய்ப் படம் கரைந்துவிடும். சுற்றிலும் 4 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விட்டு, மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். எதையும் வாயில் வைப்பவருக்குச் சின்ன அட்டை ஆபத்து, பெரிதாகச் செய்யுங்கள். வெல்க்ரோவில் சொரசொரப்புப் பக்கம் அட்டைக்கா புத்தகத்துக்கா என்று முதலில் அவர் போகும் பகல்நேர மையத்தில் கேட்டுக்கொண்டு அதன்படியே வீட்டிலும் ஒட்டுங்கள். மாறிப்போனால் அங்கே செய்த அட்டை இங்கே ஒட்டாது. அற்ப விஷயம் மாதிரி தெரியும். புத்தகம் மூலையில் போய் விழுவதற்கு இது போதும்.

புத்தகத்தோடு கண்டிப்பாக வேண்டிய ஒன்று, பெட்டியில் வராத ஒன்று: இரண்டாவது ஆள். இந்த முறையின் முதல் கட்டத்தில் ஒருவர் பழகுபவருக்கு எதிரே பொருளோடு இருப்பார், இன்னொருவர் பழகுபவருக்குப் பின்னால். எதிரே இருப்பவர் "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது. கேட்டுப் பழக்கினால், யாராவது கேட்கும்வரை அவர் காத்திருக்கவே கற்றுக்கொள்வார். அவர் பொருளை நோக்கிக் கை நீட்டியதும், பின்னால் இருப்பவர் வாய் திறக்காமல் அந்தக் கையை அட்டைக்குத் திருப்பி, எடுத்துக் கொடுக்க வைப்பார். அட்டை கைக்கு வந்த அரை நொடிக்குள் பொருளைக் கொடுத்து, அதன் பெயரைச் சொல்ல வேண்டும். உதவியைக் குறைப்பது கடைசியிலிருந்து: முதலில் அட்டையை விடும் செயலை அவரே செய்யட்டும், பிறகு நீட்டுவதை, பிறகு எடுப்பதை.

இங்கே பெரும்பாலும் கெடுப்பது எதிரே இருப்பவரின் உள்ளங்கை. அதை முன்கூட்டியே விரித்து வைத்தால் அந்த விரிந்த கையே சமிக்ஞை ஆகிவிடும். கை விரியாத இடத்தில் அவர் கேட்கவே மாட்டார். அட்டையோடு அவர் கை நீண்ட பிறகுதான் உங்கள் கை விரிய வேண்டும். இன்னொன்று, முழு ரொட்டியைக் கொடுத்தால் ஒரு வாய்ப்புதான், பன்னிரண்டாகக் கிள்ளி வைத்தால் பன்னிரண்டு.

இரண்டாம் கட்டத்தில் புத்தகமும் ஆளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போவார்கள். மூன்றாவதில் பிடித்த பொருளின் படமும் பிடிக்காததின் படமும் பக்கத்தில் பக்கத்தில். நான்காவதில் வாக்கியப் பட்டை. அங்கே தமிழ் வீட்டுக்கு ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் 'வேண்டும்' அட்டை முதலில் வந்து பொருள் பிறகு வரும். நமக்கு ரொட்டி முதலில், 'வேணும்' கடைசியில். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் வேலைக்கு வந்து தமிழே பேசும் குடும்பங்கள் தொடக்கத்திலேயே வலது ஓரத்தில் 'வேணும்' ஒட்டிப் பழக்கலாம். மையத்தில் ஏற்கெனவே ஆங்கில வரிசை படிந்துவிட்டவருக்கு மாற்ற வேண்டாம். "வேணும் ரொட்டி" என்று படித்தால் தமிழ் ஒன்றும் உடைந்துவிடாது.

பல வீடுகளில் புத்தகத்தைப் புரட்டினால் நாற்பது அட்டையும் தின்பண்டமாகவே இருக்கும். 'வேண்டாம்', 'போதும்', 'உதவி', 'கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்' ஒன்றுகூட இருக்காது. முறையை உருவாக்கியவர்களே மறுப்பதையும், உதவி கேட்பதையும், ஓய்வு கேட்பதையும் கட்டாயத் திறன்களில் சேர்த்திருக்கிறார்கள். சிப்ஸ் கேட்க மட்டும் தெரிந்தவருக்குக் குளியலை நிறுத்தச் சொல்ல வழியில்லை, அதனால் கடிப்பார். கடிக்கிறார் என்று மருந்து கூட்டுவதற்கு முன்னால் 'போதும்' அட்டை குளியலறைச் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தால் நிஜமாகவே நிறுத்த வேண்டும். முடியாதபோது "இன்னும் ரெண்டு சொம்பு" என்று இரண்டு விரல் காட்டி, சொன்னபடி இரண்டோடு முடிக்க வேண்டும். ஆட்களின் படங்களும் வேண்டும். அண்ணன் எங்கே, அக்கா எப்போ வருவாள் என்று கேட்க அவருக்கும் ஆசை இருக்காதா?

புரட்டாசியில் என்ன செய்வது? வீடு முழுக்கச் சைவம், ஆனால் கோழிக் கறி அட்டை புத்தகத்தில் இருக்கிறது. எடுத்து ஒளிக்காதீர்கள், அவருடைய சொல்லைப் பிடுங்கியது போலாகும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் சிவப்புக் குறுக்குக்கோடு போட்டு அட்டையின் மேல் ஒட்டுங்கள். பக்கத்தில் மாதத் தாளை மாட்டி, விரதம் முடியும் நாளில் கோழிப் படம் ஒட்டி, தினமும் ஒரு கட்டத்தை அவரையே அடிக்க விடுங்கள். கேட்டால் குறுக்குக்கோட்டைக் காட்டி, இருக்கும் இரண்டு சைவக் கறிகளை நீட்டுங்கள்.

பேசும் செயலி உள்ள டேப்லெட் இருந்தால் இந்தக் காகிதம் எதற்கு என்பார்கள். டேப்லெட்டின் குரல் அடுத்த அறைவரை கேட்கும், அது நிஜமான லாபம். ஆனால் 2023-இல் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு, நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத ஆறாம் நிலைக்குப் போனபோது சார்ஜ் தீர்ந்தால் ஆள் ஊமைதான். இரண்டும் இருக்கட்டும். படம் கொடுத்துப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயத்துக்கு மட்டும் ஆதாரம் இல்லை.

ஒவ்வொரு அட்டையையும் இரண்டாக அச்சடித்து ஒரு தொகுதியைத் தனியாக வையுங்கள், எப்படியும் தொலையும். புத்தகம் மாட்டும் கொக்கி அவருடைய தோள் உயரத்தில் இருக்கட்டும். கிழித்துவிடுவார் என்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஏற்றி வைத்தால், கேட்பதற்கே முதலில் யாரையாவது கேட்க வேண்டியிருக்கும்.