டாம் சாயரா, ஹக்கிள்பெரி ஃபின்னா: ஒரே ஆற்றங்கரையில் பிறந்த இரண்டு நாவல்கள்

ஆற்றங்கரைச் சிற்றூரில் வளரும் சிறுவனின் சாகசங்களைச் சொல்லும் அமெரிக்க நாவல்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு விரைவிலேயே மார்க் ட்வைனின் இரண்டு நூல்களில் வந்து நிற்கும். ஒன்று, 1876இல் வெளிவந்த 'டாம் சாயரின் சாகசங்கள்'. மற்றொன்று, 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும் 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளிவந்த 'ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்'. ஒரே கதையின் முதற்பாகம், இரண்டாம் பாகம் என்றே பலரும் இவற்றைச் சேர்த்துச் சொல்கிறார்கள். இரண்டையும் பலமுறை மாறி மாறிப் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊர் ஒன்று, ஆறு ஒன்று, மாந்தர்களிலும் பலர் பொது. ஆனால், ஒரு சிறுவனின் சாகசத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு இரண்டு நூல்களும் சொல்லும் விடைகள் ஒன்றையொன்று மறுக்கின்றன.

மார்க் ட்வைன் என்ற புனைபெயருக்குள் இருந்த சாமுவேல் கிளெமென்ஸ் 1835இல் மிசூரி மாநிலத்தில் பிறந்து, நான்கு வயதிலிருந்து மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள ஹானிபல் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். இரண்டு நாவல்களிலும் வரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அந்த ஹானிபல்தான். குகையும், ஆற்று நடுவே உள்ள தீவும், ஊருக்கு வடக்கே எழும் குன்றும் அங்கே உண்மையிலேயே உள்ளவை. குடிகாரத் தந்தையின் மகனாகப் பள்ளியும் கட்டுப்பாடும் இல்லாமல் திரிந்த டாம் பிளாங்கன்ஷிப் என்ற சிறுவனே ஹக்குக்கு முன்மாதிரி. டாம் சாயரோ, தாம் அறிந்த மூன்று சிறுவர்களின் கலவை என்று முதல் நூலின் முன்னுரையில் ஆசிரியரே சொல்கிறார்.

இந்த வகைக்கு முன்னோடி ஒருவரும் உண்டு. தாமஸ் பெய்லி ஆல்ட்ரிச் தம் 'ஒரு கெட்ட பையனின் கதை'யில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரை ரிவர்மவுத் என்று பெயர் மாற்றி, தம் இளமைக் குறும்புகளை எழுதினார். 1869இல் இதழில் தொடராக வந்த நூல் அது. சுதந்திர தினத்துக்கு முந்தைய இரவில் பழைய கோச்சு வண்டியை எரிப்பதும், பனிக்கட்டி உருண்டைகளால் சிறுவர்கள் போர் நடத்துவதும் இன்றும் ரசிக்கத்தக்கவை. ஆனால் அந்தக் கெட்ட பையன் உண்மையில் நல்ல குடும்பத்து நல்ல பையன். அவனுக்கும் நமக்கும் பெரிதாக எதுவும் நேர்வதில்லை. ட்வைனின் நூல்களோடு ஒப்பிடும் அளவுக்கு அதில் ஆழம் இல்லை என்பது என் கருத்து.

இரண்டு நூல்களுக்கும் இடையே உள்ள முதல் வேறுபாடு முதல் வரியிலேயே செவியில் படுகிறது. டாமின் கதையைச் சொல்பவர் வளர்ந்த, படித்த, கனிவான ஒரு மனிதர். பாலி பெரியம்மா தன் இறந்த சகோதரியின் மகனான டாமை வீடு முழுவதும் தேடுவதை அவர் புன்னகையோடு பார்க்கிறார். பெரியவர்கள் தாங்கள் ஒரு காலத்தில் எப்படி இருந்தார்கள் என்பதை இனிமையாக நினைவூட்டுவதும் தம் நோக்கம் என்று முன்னுரையில் சொல்கிறார் ட்வைன். அந்த இனிமைக்கு ஏற்ற தொலைவு அந்த நடையில் இருக்கிறது. ஹக்கின் நூலில் அந்தப் பெரிய மனிதர் காணாமல் போய்விடுகிறார். எழுத்துக்கூட்டவே தடுமாறும் ஒரு சிறுவன் தன் வாய்மொழியிலேயே பேசத் தொடங்குகிறான். முந்தைய நூலை எழுதியவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொன்னார் என்று முதல் பத்தியிலேயே அவருக்குச் சான்றிதழும் கொடுத்துவிடுகிறான். மிசூரிக் கறுப்பின மக்களின் பேச்சு, உள்காட்டுப் பகுதியின் பேச்சு, பைக் கவுண்டிப் பேச்சு, அதன் நான்கு வேறுபாடுகள் என ஏழு வழக்குகளைக் கவனத்தோடு கையாண்டிருப்பதாக ஆசிரியர் நூலின் தொடக்கத்தில் தனிக் குறிப்பே எழுதியிருக்கிறார்.

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தெளிவாகப் பிரிந்து நிற்கும் மொழியில் வாழும் நமக்கு இந்த வேறுபாட்டின் எடை உடனே புரியும். டாமின் கதையை நல்ல உரைநடைத் தமிழில் கொண்டுவந்தால் அதிகம் இழப்பில்லை. ஹக்கின் கதையை அதே நடையில் கொண்டுவந்தால் நிகழ்ச்சிகள் மிஞ்சும், ஹக் மிஞ்சமாட்டான். அவனுடைய அறியாமை, பொய், இரக்கம் எல்லாம் அவன் வாக்கிய அமைப்பில்தான் குடியிருக்கின்றன. ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்கள் ஹக்கின் நூலை, சிரமம் இருந்தாலும், ஆங்கிலத்திலேயே படிப்பது நல்லது என்று சொல்வேன்.

கட்டமைப்பில் டாமின் நூலே நேர்த்தியானது. வேலிக்கு வெள்ளையடிக்கும் இரண்டாம் அத்தியாயத்தைத் தனிக்கதை போல நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் மருத்துவர் கொல்லப்படுவதை இரண்டு சிறுவர்கள் பார்த்துவிடுவதிலிருந்து, அப்பாவியான மஃப் பாட்டரைக் காப்பாற்ற டாம் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது, அவனும் பெக்கி தாட்சரும் குகையில் வழி தவறுவது, கொலைகாரன் அங்கேயே பசியால் மடிவது, புதையல் கிடைப்பது வரை ஒரே கயிறு இழுபட்டுக்கொண்டே போகிறது. ஹக்கின் நூலில் அப்படி ஒரு கயிறு இல்லை. ஹக்கும் தப்பி ஓடும் அடிமையான ஜிம்மும் ஏறிய தெப்பம் ஆற்றோட்டத்தில் போகிறது, கதையும் அதன்படியே போகிறது. 1876 கோடையில் தொடங்கிய நூலை ட்வைன் இடையில் கிடப்பில் போட்டு, 1883இல்தான் முடித்தார். அதன் தையல் தடங்கள் தெரிகின்றன. ஜிம் கெய்ரோ நகரில் இறங்கி, ஓஹையோ ஆற்றின் வழியே அடிமைமுறை இல்லாத மாநிலங்களுக்குப் போக வேண்டும் என்பதே திட்டம். மூடுபனியில் கெய்ரோவைத் தவறவிட்டபின், விடுதலை தேடும் மனிதன் நாளுக்கு நாள் தெற்கே, அடிமைமுறையின் ஆழத்துக்குள் மிதந்து போகிறான். கதைத் தர்க்கத்தில் இது ஒரு குறை. ஆனால் நீராவிக் கப்பலின் மாலுமியாக ட்வைன் அறிந்திருந்தது செயின்ட் லூயிக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடைப்பட்ட மிசிசிப்பியைத்தான். அந்த அறிவின் பயனாகவே, கௌரவத்துக்காகத் தலைமுறைகளைக் கொன்று தீர்க்கும் கிரேஞ்சர்ஃபோர்டு குடும்பமும், பட்டப்பகலில் நடுத்தெருவில் குடிகாரன் ஒருவன் சுடப்படும் சிற்றூரும், அரசனென்றும் கோமகனென்றும் சொல்லி ஏமாற்றும் இரண்டு எத்தர்களும் நமக்குக் கிடைத்தார்கள். அந்தக் குறையை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரே ஒரு காட்சி போதும் என்றால், ஜாக்சன் தீவைத்தான் காட்டுவேன். முதல் நூலில் டாம், ஹக், ஜோ ஹார்ப்பர் மூவரும் கடற்கொள்ளையர் விளையாட்டு விளையாட அந்தத் தீவுக்கு ஓடிப்போகிறார்கள். அவர்கள் மூழ்கிவிட்டதாக நினைத்து, பிணங்களை மேலே எழச் செய்ய ஊரார் படகிலிருந்து பீரங்கி வெடிக்கிறார்கள். நமக்காக ஊரே அழுகிறது என்று சிறுவர்களுக்கு ஒரே பெருமை; தங்கள் இறுதிச் சடங்கு நடக்கும் தேவாலயத்துக்கே உயிரோடு நடந்து வந்து அந்தப் பெருமையை முழுமையாக்கிக்கொள்கிறார்கள். இரண்டாம் நூலிலும் அதே தீவு, அதே படகு, அதே பீரங்கி. இம்முறை ஹக், தன்னை அடைத்துவைத்து அடித்த தந்தையிடமிருந்து தப்பிக்க, பன்றி ஒன்றைக் கொன்று அதன் இரத்தத்தால் தன் கொலையைத் தானே ஜோடித்துவிட்டு வந்திருக்கிறான். பிணத்தைத் தேடி ஆற்றில் விடப்பட்ட, பாதரசம் வைத்த ரொட்டி அவனிடமே மிதந்து வருகிறது. பசியில் அதைச் சாப்பிடுகிறான். அவனுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. அதே தீவில் ஒளிந்திருக்கும் ஜிம்முக்கோ, தன் எஜமானி மிஸ் வாட்சன் தன்னை 800 டாலருக்கு நியூ ஆர்லியன்ஸ் வியாபாரியிடம் விற்கப்போகிறாள் என்ற செய்தி காதில் விழுந்ததால் ஓடி வந்த நிலை. சில நாட்களில் ஹக்கைக் கொன்ற பழியும் அவன்மேல் விழுந்து, தலைக்கு 300 டாலர் பரிசும் அறிவிக்கப்படுகிறது. ஒரு சிறுவனின் பொய் மரணம் ஒரு நூலில் ஊரார் கண்ணீரோடு சரியாகிவிடுகிறது. அடுத்த நூலில் வேறொரு மனிதனின் உயிருக்கே உலை வைக்கிறது.

பணமும் அப்படித்தான். டாமும் ஹக்கும் ஆளுக்கு 6000 டாலர் பெறுவதோடு முதல் நூல் மகிழ்ச்சியாக முடிகிறது. அந்தப் பணத்தின் வாசனையைப் பிடித்துத்தான் இரண்டாம் நூலில் ஹக்கின் தந்தை ஊருக்குத் திரும்புகிறான்.

இனி மனசாட்சி. டாமுக்கும் துணிவு உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கொலைகாரன் எதிரே அமர்ந்திருக்க நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்வது சிறிய செயல் அல்ல. ஆனால் அந்த உண்மை வெளிவந்ததும் ஊர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. சட்டமும் தேவாலயமும் அவன் மனசாட்சியும் ஒரே பக்கம் நிற்கின்றன. ஹக்குக்கு அவை அனைத்தும் எதிர்ப்பக்கம். 1821இல் அடிமைமுறை மாநிலமாகவே அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்த மிசூரியில், தப்பிய அடிமைக்கு உதவுவது திருட்டு, பாவமும்கூட. ஹக் அதை முழுமையாக நம்புகிறான். 31ஆம் அத்தியாயத்தில் ஜிம்மின் இருப்பிடத்தை மிஸ் வாட்சனுக்குத் தெரிவிக்கும் கடிதத்தை எழுதி முடித்ததும் அவன் மனம் பாவம் கழுவப்பட்டதுபோல் இலேசாகிறது. பிறகு தெப்பத்தில் ஜிம் தனக்காகவும் சேர்த்து இரவுக் காவல் இருந்தது, தன்னை அவன் செல்லமாக அழைத்தது, இந்த உலகத்தில் தனக்கு இருக்கும் ஒரே நண்பன் நீதான் என்று அவன் சொன்னது எல்லாம் நினைவுக்கு வருகின்றன. சரி, நரகத்துக்கே போகிறேன் என்று சொல்லிக் கடிதத்தைக் கிழித்துவிடுகிறான். நல்லது செய்கிறோம் என்ற எண்ணம் அவனுக்குக் கடைசிவரை இல்லை. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்திருக்கிறேன்.

இந்த ஹக்கின் விதை முதல் நூலிலேயே கிடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 28ஆம் அத்தியாயத்தில், ஜேக் என்ற கறுப்பின முதியவர் தனக்கு உணவு தருவதையும், சில நேரம் அவரோடு அமர்ந்தே தான் சாப்பிட்டதையும் டாமிடம் சொல்லிவிட்டு, இதை யாரிடமும் சொல்லாதே என்கிறான் ஹக். டாமின் நூல் அந்த வரியைத் தாண்டி வேகமாகப் போய்விடுகிறது. ட்வைனால் அப்படிப் போக முடியவில்லை என்றே நினைக்கிறேன்.

குறைகள் இரண்டிலும் உண்டு. டாமின் நூலில் கொலைகாரனைப் பூர்வகுடி இரத்தம் கலந்தவனாகக் காட்டி, அவன் பழிவெறிக்கு அந்த இரத்தமே காரணம் என்று அவனையே சொல்ல வைப்பது இன்று படிக்கக் கூசுகிறது. ஹக்கின் நூலில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் 200 முறைக்கு மேல் வருகிறது. 1885இலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு பொது நூலகம் அந்த நூலை விலக்கியது. அன்று சொன்ன காரணம் முரட்டுத்தனமான, பண்பற்ற நூல் என்பது. இன்றைய எதிர்ப்பு அந்தச் சொல்லையும் ஜிம் சித்திரிக்கப்பட்ட விதத்தையும் பற்றியது. அதில் நியாயம் இருக்கிறது. சொல்லை மாற்றிய பதிப்பு ஒன்று 2011இல் வந்தது. ஹக்கின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நீக்கினால் அவன் எந்த ஊரின் நாக்கோடு போராடி வெளியே வருகிறான் என்பது தெரியாமல் போகும் என்பதால் எனக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுக் குழந்தையின் கையில், பேச ஆள் இல்லாமல், அந்த நூலைக் கொடுக்கவும் சம்மதமில்லை.

எல்லோரும் சண்டையிடும் இடம் ஹக்கின் நூலின் கடைசிப் பத்துச் சொச்சம் அத்தியாயங்கள். அரசனென்று சொல்லிக்கொண்ட எத்தன் ஜிம்மை 40 டாலருக்கு விற்றுவிட, ஃபெல்ப்ஸ் பண்ணைக் குடிசையில் அவன் அடைபட்டிருக்கிறான். அங்கே டாம் வந்து சேர்கிறான். எளிதாகக் கதவைத் திறந்து விடுவிக்கக்கூடிய மனிதனை, தான் படித்த கதைகளில் வருவதுபோல் கயிற்று ஏணி, எலி, பாம்பு, இரத்தத்தில் எழுதிய நாட்குறிப்பு என்று வாரக்கணக்கில் வதைத்துத்தான் விடுவிப்பேன் என்கிறான். ஜிம் சிறுவர்களிடமிருந்து திருடப்படும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள், மீதி ஏமாற்று வேலை என்று 1935இல் எழுதினார் அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே, நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் இந்த ஒரு நூலிலிருந்தே வருகிறது என்று புகழ்ந்த அதே பத்தியில். எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் தோன்றியது.

டாமின் நூலைப் புதிதாகப் படித்த கையோடு மீண்டும் அங்கே வந்தபோது வேறொன்று தெரிந்தது. அந்த அத்தியாயங்களில் முதல் நூல் இரண்டாம் நூலுக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்துக்கொள்கிறது. வேலிக்கு வெள்ளையடித்தபோது நம்மைச் சிரிக்க வைத்த அதே திறமை, தீவில் நம்மை மயக்கிய அதே கற்பனை, இப்போது சங்கிலியில் கட்டப்பட்ட ஒரு மனிதன்மேல் விளையாடுகிறது. மிஸ் வாட்சன் இரண்டு மாதங்களுக்கு முன்பே இறந்து, உயிலில் ஜிம்மை விடுவித்துவிட்டாள் என்பது டாமுக்கு முதலிலிருந்தே தெரியும். ஆகவே, ஹக்கின் நூலைத் தனியே படித்தால் போதும் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். இரண்டில் பெரிய நூல் ஹக்கினுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் டாமை முதலில் நேசித்திராதவருக்கு அந்த முடிவு வெறும் சலிப்பாகவே தெரியும். பத்து, பதினோரு வயதில் டாமைக் கொடுங்கள். ஹக்குக்கு இன்னும் நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்கலாம். பெரியவர்கள் ஒரே மாதத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கலாம்.

அப்படிப் படிக்கும்போது கடைசி அத்தியாயத்தில் ஒரு தொகையைக் கவனியுங்கள். 16ஆம் அத்தியாயத்தில் அடிமை பிடிக்கும் இருவர், தெப்பத்தில் அம்மை நோயாளி இருப்பதாக நம்பி, நெருங்க அஞ்சி, ஹக்குக்கு மிதக்கவிட்டுத் தருவது இரண்டு இருபது டாலர் பொற்காசுகள். அரசன் ஜிம்மை விற்றதும் 40 டாலருக்கு. எல்லாம் முடிந்தபின், இவ்வளவு பொறுமையாகத் தங்களுக்குக் கைதியாக இருந்ததற்காக டாம் ஜிம்மின் கையில் வைக்கும் பணமும் அதே 40 டாலர்தான். ஜிம் மகிழ்ச்சியில் குதிக்கிறான். ஹக் அதைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லாமல், மேற்கே யாரும் தன்னைத் திருத்தவராத நிலப்பகுதிக்குக் கிளம்பத் தயாராகிறான்.