மேல்மூடி டீப் ஃப்ரீசரா, பெரிய ஃபிரிட்ஜா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகு மீன் வந்தாலும் விலை எகிறிவிடும். அதனால் நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் பல வீடுகளில் பங்குனி கடைசியிலேயே இறாலும் வஞ்சிரமும் வாங்கி உறைய வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் இதற்குப் போதவில்லை. இன்னும் பெரிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜா, மேல்மூடி டீப் ஃப்ரீசரா என்று பார்த்து, டீப் ஃப்ரீசரை வாங்கினோம். இன்று வாங்கச் சொன்னாலும் அதையே வாங்குவேன்.

விலையையும் இடத்தையும் கடையிலேயே கேட்டு, அளந்து கொள்ளலாம். குளிரிலும் பெரிய வேறுபாடு இல்லை. மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும், இரண்டும் அதைத் தொடும். அந்தக் குளிரில் கிருமிகள் சாவதில்லை, பெருகாமல் அடங்கிக் கிடக்கின்றன. குளிர் விட்டதும் மறுபடி பெருகத் தொடங்கும். ஆகவே கரண்ட் போனால் எது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் முக்கியம்.

டெல்டாவில் இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. பராமரிப்புக்கான மின்நிறுத்தம் காலையில் தொடங்கினால் மாலை வரை போகும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் சேர்ந்தால் இரவு முழுக்க இருட்டுதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதை எந்தப் பெட்டியும் தாங்காது. நான் சொல்வது ஒரு நாள், ஒன்றரை நாள் மின்தடையை.

குளிர்ந்த காற்று கனமானது. நிற்கும் கதவைத் திறந்தால் அது காலடியில் கொட்டிவிடும். மேல்மூடியைத் திறந்தால் பெரும்பகுதி பெட்டிக்குள்ளேயே தங்கும். சுவரும் தடிமன். திறக்காமல் வைத்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும் என்பது பொதுக் கணக்கு. நம் சித்திரை வெயிலில் அதைக் குறைத்தே எடுத்துக்கொள்வேன். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி அடுக்கினால் கூடுதலாகத் தாங்கும்.

வீட்டில் யாரும் இல்லாதபோது கரண்ட் போய் வந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். நாணயம் மேலேயே இருந்தால் கவலை இல்லை. அடியில் போய் உறைந்திருந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். மீனையும் கறியையும் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். கானாங்கெளுத்தி, சூரை மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற உபாதை தரும் பொருள் உண்டாகும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. உள்ளே ஐஸ் துகள் இன்னும் இருக்கும் மீனை மட்டும் திரும்ப உறைய வைக்கலாம்.

ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜின் பெரிய வசதி, ஐஸ் சுரண்ட வேண்டாம் என்பது. அதற்காக உள்ளே இருக்கும் ஹீட்டர் அவ்வப்போது இயங்கும், விசிறியும் ஓடும். சரியாகச் சுற்றாத மீன் ஓரம் வெளுத்து, நார்போல் காய்ந்துவிடும். எங்கள் பெட்டியில் ஐஸ் படியத்தான் செய்கிறது. தடைக்காலம் முடியும்போது பெட்டி தானாகவே காலியாகிவிடுவதால், அப்போது அணைத்துவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்து உருக்கிவிடுகிறோம். கத்தியால் குத்தக் கூடாது. கேஸ் குழாய் ஓட்டையாகிவிடும்.

அடியில் கிடப்பது மறந்துபோவதுதான் இதன் உண்மையான குறை. மத்தி போன்ற கொழுப்பு மீன் இரண்டு மூன்று மாதத்துக்குமேல் ருசி கெடும் என்பதால் அது எப்போதும் மேல்கூடையில்தான் இருக்கும். தேதி எழுதாத பொட்டலத்தை உள்ளே வைப்பதில்லை. குனிந்து எடுக்க முடியாத பெரியவர்கள் மட்டும் உள்ள வீடென்றால் இந்தப் பெட்டியைச் சொல்ல மாட்டேன். நிற்கும் வகை டீப் ஃப்ரீசரும் கிடைக்கிறது. உறவினர் வீட்டில் பார்த்த அளவில் எடுக்க வைக்கச் சுலபம், ஆனால் மின்தடையின்போது அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. வாரம் ஒருமுறை மீன் வாங்கி அன்றே சமைத்துவிடும் வீட்டுக்கு, இருக்கிற ஃபிரிட்ஜே தாராளம்.